சோதனை செய்யும் லினக்ஸ் கணினியும் அதற்கான குறிப்பேடும்

லினக்ஸில் வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நான்கு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். “லினக்ஸ் நல்லாத்தான் இருக்கும், ஆனா அப்பப்ப ஏதாவது புட்டுக்கும்.” “டாக்கர்னா என்ன, சின்ன சைஸ் வி.எம். தானே?” “ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், பேக்கப் எதுக்கு?” “டாக்குமென்டேஷன் எல்லாம் வேலை முடிஞ்சதும் எழுதிக்கலாம்.” முதல் வாக்கியம் பட்ட அனுபவத்தில் வருவது. மற்ற மூன்றும் அரைகுறையாகக் காதில் விழுந்தவை. நான்குக்கும் வேர் ஒன்றுதான்: கணினியின் ‘நிலை’ எங்கே இருக்கிறது, அதை யார் எப்போது மாற்றுகிறார்கள் என்பதில் தெளிவு இல்லை.

நிலை என்பது, இந்த நிமிடத்தில் உங்கள் கணினியில் என்னென்ன மென்பொருள்கள், எந்தெந்தப் பதிப்பில், என்னென்ன அமைப்புகளோடு இருக்கின்றன என்பதன் மொத்தக் கணக்கு. புதிதாக நிறுவிய அன்று, அதே பதிப்பை நிறுவிய எல்லோருக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய ஒன்றாகியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தோம் என்பது உங்களுக்கே நினைவில்லை என்றால், பழுது வரும்போது உதவிக்கு வருபவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

மென்பொருள் எழுதப் பழகுகிறவர்கள், கணினியைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கவும் ஆசைப்படுகிறவர்கள், ஆனால் நோண்டினால் கெட்டுவிடுமோ என்று தயங்குகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

## வரைபடம் இல்லாத ஒயரிங்

பழைய வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டும்போது போட்ட ஒயரிங் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஒருவர் வந்து ஒரு பிளக் பாயின்ட் கூடுதலாகப் போட்டார். இன்னொருவர் மோட்டாருக்கு லைன் இழுத்தார். மூன்றாமவர் பழுதைச் சரிசெய்கிறேன் என்று இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனார். எவரும் தாளில் எதையும் குறித்து வைக்கவில்லை. இன்று மாடியில் ஒரு ஸ்விட்ச்சைப் போட்டால் கீழே ஃபியூஸ் போகிறது. ‘இந்த வீட்டு கரன்டே சரியில்லை’ என்கிறோம்.

“லினக்ஸ் புட்டுக்கிச்சு” என்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். நீங்கள் தொடாத கணினி தானாகக் கெடுவது அரிது. மேம்படுத்தலின்போது சில வேளைகளில் நடக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, மூன்று மாதத்துக்கு முன் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய ஒரு கட்டளை, அன்றைக்கு வேலை செய்துவிட்டு, இன்றைக்கு வேறொரு இடத்தில் ஃபியூஸைப் பிடுங்குவதுதான் வழக்கம்.

## உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

இனி உண்மையான அமைப்புக்கு வருவோம். வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் என்பது கறாராகச் சொன்னால் இந்தக் கர்னல் மட்டுமே. அதோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்து, ஒரே கட்டாகத் தருவது டிஸ்ட்ரோ. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எல்லாம் டிஸ்ட்ரோக்கள். அந்தக் கட்டில் உள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். அதை இறக்கி, நிறுவி, நீக்கித் தரும் கருவி பேக்கேஜ் மேலாளர். டெபியனிலும் உபுண்டுவிலும் அது ஆப்ட்.

சிக்கல் தொடங்கும் இடம் லைப்ரரி. பல நிரல்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் நிரல்துண்டுகளை ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதான் லைப்ரரி. ஒரு பேக்கேஜ் இன்னொன்று இருந்தால்தான் ஓடும் என்றால் அந்த உறவுக்குச் சார்பு என்று பெயர். பகிர்வதால் வட்டில் இடம் மிச்சமாகிறது. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை ஒரே இடத்தில் அடைத்தால் போதும் என்ற வசதியும் உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை, ஒருவருக்காக மாற்றினால் எல்லோருக்கும் மாறுகிறது என்பது.

இதை மிகக் கிட்டத்தில் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். உபுண்டுவில் பைத்தான் மொழி முதலிலேயே இருக்கிறது. ‘என் புராஜெக்டுக்கு இன்னும் புதிய பதிப்பு வேண்டும்’ என்று ஒருவர் புதியதை நிறுவுகிறார். அதோடு விட்டால் பரவாயில்லை. ‘பைத்தான் 3’ என்று அழைத்தால் இனிமேல் புதியதே ஓடட்டும் என்று இணைப்பையும் மாற்றிவிடுகிறார். புராஜெக்ட் அழகாக ஓடுகிறது. மறுநாள், கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலின் ஐகானைச் சொடுக்கினால் எதுவும் திறக்கவில்லை. வேறு வழியில் உள்ளே போய்ப் பார்த்தால், ‘ஜிஐ’ என்ற பைத்தான் மாட்யூலை, அதாவது துணை நிரல்துண்டை, ஏற்ற முடியவில்லை என்று பிழைச்செய்தி. நடந்தது இதுதான்: உபுண்டுவின் பல பதிப்புகளில் டெர்மினலைத் திறந்துவிடும் சிறு நிரலே பைத்தானில் எழுதப்பட்டது. பேக்கேஜ் தொடர்பான சில கருவிகளும் அப்படியே. அவை டிஸ்ட்ரோவோடு வந்த பைத்தான் பதிப்புக்கென்றே தொகுக்கப்பட்ட துண்டுகளை நம்பியிருக்கின்றன. புதிய பதிப்புக்கு அந்தத் துண்டுகள் இல்லை. டெர்மினல் திறக்காததற்கும் நேற்றைய பைத்தான் வேலைக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்குத் தோன்றும்? ‘உபுண்டு சரியில்லை’ என்று இன்னொரு டிஸ்ட்ரோவுக்குத் தாவிவிடுகிறார்கள்.

இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் 2023இல் வெளியான டெபியன் 12 முதல், பைத்தான் லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப் கருவியைக் கொண்டு கணினியின் பொதுப் பைத்தானுக்குள் எதையாவது நிறுவப் பார்த்தால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று தடுக்கிறது. அந்தத் தடையை மீற ஒரு விருப்பத்தேர்வும் உண்டு. இணையத்தில் தேடினால் முதல் பதிலாக அதுவே வந்து நிற்கும். தயவுசெய்து வேண்டாம். தடை உங்களைக் காக்கத்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: கர்னலுக்கு மேல் டிஸ்ட்ரோ, அதற்குள் பேக்கேஜ்கள், அவற்றுக்கிடையே சார்புகள். இயங்குதளம் தன் வேலைக்காக வைத்திருக்கும் பொருளை நம் சோதனைக்காக எடுத்து மாற்றுவதுதான் பெரும்பாலான பழுதுகளின் தொடக்கம்.

## மாற்றங்கள் போய்ச் சேரும் இடங்கள்

நிலை கணினி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது போய்ச் சேரும் இடங்கள் சிலவே. பேக்கேஜ் மேலாளர் நிறுவியவை அதன் கணக்கில் இருக்கும், கேட்டால் சொல்லும். கணினி முழுவதற்குமான அமைப்புகள் ஈடிசி கோப்புறையில் இருக்கும். உங்கள் சொந்த அமைப்புகள் ஹோம் கோப்புறைக்குள், பெயருக்கு முன் புள்ளி வைத்த மறைகோப்புகளில் இருக்கும். இவற்றுக்கு டாட்ஃபைல்ஸ் என்று பெயர். மூலநிரலை இறக்கித் தொகுத்து ‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்து நிறுவியவை வழக்கமாக யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள லோக்கலில் போய் அமரும்.

கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. அங்கே போன கோப்புகள் பேக்கேஜ் மேலாளரின் கணக்கில் வராது. அதை நீக்க வழி செய்து கொடுத்திருக்கிறாரா என்பது அந்த மென்பொருளை எழுதியவரின் நல்ல மனதைப் பொறுத்தது. வலைத்தளத்திலிருந்து ஒரு நிறுவல் நிரலை இறக்கி, வாசித்துக்கூடப் பார்க்காமல், சூடோவோடு அப்படியே ஓடவிடும் பழக்கமும் இதே கதைதான். சூடோ என்பது நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஒரு கட்டளையை ஓட்டுவது. அந்த அதிகாரத்தோடு அது எங்கே எதை மாற்றியது என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

## தனி லைன் இழுப்பது

சோதனை செய்யாமல் இருப்பது தீர்வல்ல. கற்றுக்கொள்வதே அதில்தான். சோதனைக்குத் தனி லைனும் தனி ஃபியூஸும் போட்டுவிட்டால், போனாலும் அது மட்டும்தான் போகும்.

மெல்லிய தடுப்பு, மொழி அளவிலானது. பைத்தானில் வென்வ் என்ற வசதி 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பிலிருந்தே உடன்வருகிறது. புராஜெக்ட் கோப்புறைக்குள் ஒரு தனிச் சூழலை உருவாக்கி, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை அங்கேயே வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் கோப்புறையை அழித்தால் போதும். முன்பு சொன்ன டெர்மினல் கதையில், புதிய பைத்தானைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அதன்மேல் ஒரு வென்வ் எழுப்பியிருந்தால் எந்த வம்பும் இல்லை.

அடுத்தது கன்டெய்னர். 2013இல் டாக்கர் வந்த பிறகு பரவலான பெயர் இது. பாட்மேன் என்பது இதே வேலைக்கான இன்னொரு கருவி. ‘சின்ன வி.எம்.’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது தவறு, ஏன் தவறு என்பதை உங்கள் கணினியிலேயே பார்த்துவிடலாம். உபுண்டு கணினியில் ஒரு டெபியன் கன்டெய்னரைத் திறந்து, அதன் டிஸ்ட்ரோ பெயர் உள்ள கோப்பைப் படித்தால் டெபியன் என்று காட்டும். அங்கிருந்தே ‘யூநேம்’ கட்டளையால் கர்னல் பதிப்பைக் கேளுங்கள். வெளியே உங்கள் உபுண்டு காட்டும் அதே எண் வரும். உள்ளே தனிக் கர்னல் என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் தனிமை எப்படிக் கிடைக்கிறது? கர்னலின் இரண்டு வசதிகளால். ஒன்று நேம்ஸ்பேஸ்: ஒரு நிரலுக்கு எதெது கண்ணில் படும் என்பதை வரையறுப்பது. கன்டெய்னருக்குள் இருக்கும் நிரலுக்குத் தன் கோப்புகளும் தன் நிரல்பட்டியலும் தன் வலையமைப்பும் மட்டுமே தெரியும். இதன் முதல் வடிவம் 2002இலேயே கர்னலுக்குள் வந்துவிட்டது. மற்றொன்று சீகுரூப்: எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று அளவு போடுவது. இது 2008இல் சேர்ந்தது. டாக்கர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றை எளிதாகக் கையாளும்படி ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. சாதனைதான் அது.

மெய்நிகர் கணினி, அதாவது வி.எம்., முற்றிலும் வேறு. அதற்குள் தனிக் கர்னல் தொடக்கத்திலிருந்து கிளம்பி ஓடும். ஒயரிங் கணக்கில் சொன்னால் கன்டெய்னர் அதே மெயினிலிருந்து வரும் தனி லைன், வி.எம். தனி ஜெனரேட்டர். அதனால்தான் கன்டெய்னர் நொடியில் திறக்கிறது, வி.எம். கொஞ்சம் நேரம் எடுக்கிறது. கர்னலையே மாற்றிப் பார்க்கும் சோதனைக்கோ, நம்பிக்கையில்லாத நிரலை ஓட்டிப் பார்க்கவோ கன்டெய்னர் போதாது, வி.எம். தேவை.

இங்கே மூன்று கண்ணிகள் உண்டு, தெரிந்துகொண்டு நடக்கலாம். கன்டெய்னரை நீக்கினால் அதற்குள் செய்த மாற்றங்களும் போய்விடும். நிலைக்க வேண்டிய தரவை வால்யூம் எனப்படும் வெளிச்சேமிப்பில் வைக்க வேண்டும். அடுத்து, சூடோ கேட்கிறதே என்று உங்கள் பயனர் பெயரை டாக்கர் குழுவில் சேர்த்துக்கொள்வது, அந்தப் பயனருக்கு முழு நிர்வாகி அதிகாரம் தருவதற்குச் சமம். மூன்றாவது, டிஸ்ட்ரோபாக்ஸ் போன்ற கருவிகள் வசதிக்காக உங்கள் ஹோம் கோப்புறையை அப்படியே உள்ளே பகிர்ந்துவிடும். அதற்குள்ளிருந்து டாட்ஃபைல்ஸை மாற்றினால் வெளியேயும் மாறும். தனி அறை என்று நினைத்து உள்ளே போய்க் கூடத்துச் சுவரை இடித்துவிட வேண்டாம்.

சுருக்கமாக: மொழி லைப்ரரி மட்டும் மாறுகிறதா, வென்வ். டிஸ்ட்ரோ அளவுக்கு மாறுகிறதா, கன்டெய்னர். கர்னல் வரை போகிறதா, வி.எம்.

## ஸ்னாப்ஷாட் பற்றி ஒரு பத்தி

ஸ்னாப்ஷாட் என்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் கோப்பு அமைப்பு இருந்த விதத்தைப் பிடித்து வைப்பது. பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு அமைப்புகளில் இது நொடியில் நடக்கிறது. காரணம், எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. பழைய துண்டுகளை அழிக்காமல் விட்டு, மாறியவற்றை மட்டும் புதிய இடத்தில் எழுதுகிறது. ஆகவே ஸ்னாப்ஷாட் இருப்பது அதே வட்டில்தான். வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பேக்கப் என்றால் வேறு வட்டில், முடிந்தால் வேறு இடத்தில் இருக்க வேண்டும். டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதன் இயல்பு அமைப்பில் ஹோம் கோப்புறை சேராது. நீங்கள் எழுதிய நிரல் இருப்பது அங்கேதான்.

## ‘என்ன செய்தேன்’ என்பதைக் கணினியே எழுதட்டும்

இப்போது குறிப்பேட்டுக்கு வருவோம். ‘செய்த கட்டளைகள் எல்லாம் ஹிஸ்டரியில் இருக்கிறதே, தனியாக எழுதுவானேன்?’ என்று கேட்பார்கள். ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு முறை முயன்று பதின்மூன்றாவதில் ஓடிய கட்டளை, தோற்ற பன்னிரண்டோடு கலந்து கிடக்கும். எது வென்றது என்று அதில் இருக்காது. இரண்டு டெர்மினல்களில் மாற்றி மாற்றிச் செய்த வேலையின் வரிசையும் குழம்பியிருக்கும். டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ், வழக்கமாக ஹிஸ்டரியைக் கோப்பில் எழுதுவது டெர்மினலை மூடும்போதுதான் என்பதால், மின்சாரம் போனால் அதுவும் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: ஒரு கோப்பை எடிட்டரில் திறந்தீர்கள் என்பது மட்டுமே பதிவாகும். உள்ளே போய் எந்த வரியை மாற்றினீர்கள் என்பது பதிவாகாது.

இதைவிட நம்பகமான பதிவுகள் கணினியிடம் உண்டு. ஆப்ட் தன் வேலைகளைத் தேதியோடு, கொடுத்த கட்டளையோடு குறித்து வைக்கிறது. வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி என்ற கோப்பு. வழக்கமான அமைப்பில் ஓராண்டு வரையிலான பழைய பதிவுகளும் பக்கத்திலேயே சுருக்கப்பட்டுக் கிடக்கும். ‘ஆப்ட் மார்க்’ கட்டளையிடம் கேட்டால், சார்பாகத் தானே வந்து சேர்ந்தவற்றைத் தள்ளிவிட்டு, வேண்டும் என்று கேட்டு நிறுவியவற்றை மட்டும் பட்டியலிடும்.

ஈடிசி மாற்றங்களுக்கு ஈடிசிகீப்பர். இது கிட் கருவியை அந்தக் கோப்புறைக்குள் கொண்டுவருகிறது. கிட் என்பது கோப்புகளில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் எப்போது ஏன் என்ற குறிப்போடு வரிசையாகச் சேமிக்கும் கருவி. டோர்வால்ட்ஸ்தான் 2005இல் இதையும் எழுதினார். அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு படிக்கும் கமிட் என்று பெயர். ஈடிசிகீப்பர் இருந்தால் பேக்கேஜ் நிறுவும்போதெல்லாம் கமிட் தானாக நடக்கும். நீங்கள் கையால் மாற்றிய வரியும் வரி வரியாகத் தெரியும். டாட்ஃபைல்ஸையும் ஒரு கிட் களஞ்சியத்தில் போட்டுவிட்டால் சிதறிக் கிடந்ததில் பெரும்பகுதி கணக்குக்குள் வந்துவிடும்.

கன்டெய்னர் பக்கம் இது இன்னும் சுத்தம். டாக்கர்ஃபைல் என்பது ஒரு கன்டெய்னரை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாக எழுதிய கோப்பு. மனிதரும் படிக்கலாம், கணினியும் ஓட்டலாம். இந்த வகைக் குறிப்புக்கு ஒரு தனிச்சிறப்பு: பொய்யாகிவிட்டால் ஓடாது, உடனே தெரிந்துவிடும். வேர்டில் எழுதி வைத்த நிறுவல் வழிகாட்டி இரண்டு வருடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. டாக்கர்ஃபைல் ஒன்றேதான் என்றாலும் இன்று கட்டினால் ஒன்றும் அடுத்த வருடம் கட்டினால் வேறொன்றும் கிடைக்கலாம். ‘லேட்டஸ்ட்’ என்று போட்டிருந்தால் அன்றைக்கு எது புதியதோ அதுதான் வரும். அதனால் பதிப்பு எண்ணை எழுதிவிட வேண்டும். மொழிக் கருவிகளில் லாக்ஃபைல் இந்த வேலையைச் செய்கிறது: எந்த லைப்ரரி, மிகச் சரியாக எந்தப் பதிப்பு என்ற முழுப் பட்டியல். அதைக் கிட்டில் சேர்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். சேருங்கள். கணினி முழுவதையுமே இப்படி ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும் என்பவர்களுக்கு நிக்ஸ்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோ இருக்கிறது. அருமையான சிந்தனைதான், ஆனால் தொடக்கக்காரருக்கு முதல் நாளே அது வேண்டாம் என்பது என் கருத்து.

## ‘ஏன் செய்தேன்’ என்பதை நீங்கள் எழுதுங்கள்

எந்தக் கருவியாலும் எழுத முடியாதது ஒன்று உண்டு. அது காரணம். இதையும் கிட்டத்தில் ஒரு முறை பார்ப்போம்.

ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஒன்றை ஓடவிடுகிறீர்கள். கோப்பை மாற்றினால் உலாவியில் தானாகப் புதுப்பிக்கும் வகை. திடீரென ‘சாதனத்தில் இடம் இல்லை’ என்ற பொருளில் பிழை. வட்டைப் பார்த்தால் பாதி காலி. சிக்கல் வட்டில் இல்லை. கோப்பு மாறுகிறதா என்று கண்காணிக்கக் கர்னலில் ஐநோட்டிஃபை என்ற வசதி இருக்கிறது. ஒரு பயனர் எத்தனை கோப்புகளைக் கண்காணிக்கலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு உண்டு. அது தீர்ந்தாலும் கர்னல் தருவது அதே ‘இடம் இல்லை’ பிழை எண்தான். பழைய கர்னல்களில் இயல்பு வரம்பு 8192. 5.11 பதிப்பிலிருந்து நினைவகத்தின் அளவைப் பொறுத்து இது தானாக உயரும், அதிகபட்சம் 10,48,576 வரை. வரம்பைக் கூட்டி ஈடிசியில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

பலரும் அந்த வரியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அதைப் பார்க்கிறவருக்கு, நீங்களே ஆனாலும், இது எதற்கு, எடுத்துவிடலாமா, எடுத்தால் எது நிற்கும் என்று ஒன்றும் தெரியாது. பயந்து அப்படியே விட்டுவிடுவார். முறுக்கி டேப் சுற்றிய ஒயர் இப்படித்தான் உருவாகிறது. குறிப்பு இப்படி இருந்தால் கதை வேறு:

“கண்டது: ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டை ஓடவிட்டால் ‘இடம் இல்லை’ பிழை. வட்டில் இடம் இருக்கிறது.
காரணம்: ஐநோட்டிஃபை வரம்பு தீர்ந்தது. கர்னல் 5.4, வரம்பு 8192.
முயன்று பயனில்லாதது: தற்காலிகக் கோப்புகளை அழித்தது. கன்டெய்னருக்குள் மாற்ற முயன்றதும் உதவவில்லை, இது வெளிக் கர்னலின் வரம்பு.
செய்தது: ஈடிசியில் உள்ள சிஸ்கண்ட்ரோல் கோப்புறையில் தனிக் கோப்பு வைத்து வரம்பை 5,24,288 ஆக்கினேன்.
சரிபார்த்தது: மறுதொடக்கத்துக்குப் பிறகும் அதே எண் காட்டுகிறது, புராஜெக்ட் ஓடுகிறது.
திரும்பப் பெற: அந்தக் கோப்பை நீக்கி மறுதொடக்கம் செய்தால் போதும்.
எப்போது தேவையில்லை: கர்னல் 5.11 அல்லது அதற்கு மேல் போனபின்.”

எழுத ஐந்து நிமிடம் ஆகாது. இதில் மிகவும் மதிப்புள்ள வரி எது என்று என்னைக் கேட்டால் ‘முயன்று பயனில்லாதது’ என்பேன். வெற்றி பெற்ற வழி எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். தோற்ற வழிகளை யாரும் எழுதுவதில்லை. அடுத்தவர் அதே சந்துகளில் மறுபடி நுழைந்து மறுபடி முட்டிக்கொண்டு திரும்புகிறார். வேலை முடிந்தபின் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் முதலில் மறந்துபோவதும் இந்த வரிதான். வென்றவுடன் தோற்றதெல்லாம் மனதிலிருந்து கழன்றுவிடும்.

பெரிய முடிவுகளுக்கு இதன் நீண்ட வடிவம் ஒன்று உண்டு. கட்டமைப்பு முடிவுப் பதிவு என்று சொல்லலாம். மைக்கேல் நைகார்டு 2011இல் எழுதியதன் வழியாகப் பரவியது. சூழல் என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் வரப்போகும் நன்மை தீமை என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, நிரலோடு சேர்த்தே வைப்பது. முடிவு பிறகு மாறினால் பழைய பக்கத்தை அழிக்காமல், ‘இதற்குப் பதிலாக இன்னது’ என்று குறித்துவிட்டுப் புதிய பக்கம் எழுதுவார்கள்.

இந்தப் பகுதியில் பார்த்தது: என்ன மாறியது என்பதற்குக் கிட்டும் டாக்கர்ஃபைலும் லாக்ஃபைலும் சாட்சி. ஏன் மாறியது என்பதற்கு நீங்கள் மட்டுமே சாட்சி.

## ரீட்மீக்கு மெய்ப்புப் பார்ப்பது

புராஜெக்ட் கோப்புறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் விளக்கக் கோப்பு ரீட்மீ. இது என்ன செய்கிறது, எந்தப் பதிப்புகள் தேவை, எப்படி ஓட்டுவது, ஓடினால் திரையில் என்ன தெரியும் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஓட்டவும்’ என்று முடிந்துவிடும் வழிகாட்டியைப் பின்பற்றியவர், ஓடியதா தோற்றதா என்று தெரியாமல் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எழுதியவரால் தன் ரீட்மீயில் உள்ள ஓட்டையைப் பார்க்க முடியாது. அக்கறைக் குறைவு காரணமில்லை. அவருடைய கணினியில் அந்த லைப்ரரி எப்போதோ நிறுவியாகிவிட்டது. நிரல்கள் படித்துக்கொள்ளும் ‘சூழல் மாறி’ என்ற மதிப்பு ஒன்று டாட்ஃபைலில் அமைத்தாகிவிட்டது. பயனர் பெயர் தேவையான குழுவில் சேர்ந்தாகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை எல்லாப் படிகளும் எழுதியாகிவிட்டன. ‘என் கணினியில் ஓடுதே’ என்ற புகழ்பெற்ற வாக்கியம் பொய்யில்லை, உண்மையாகவே அங்கே ஓடுகிறது.

கன்டெய்னர் இங்கே இன்னொரு வேலைக்கு ஆகும். உங்கள் டிஸ்ட்ரோவின் வெற்றுக் கன்டெய்னர் ஒன்றைத் திறங்கள். ஹோம் கோப்புறையைப் பகிராதீர்கள். ரீட்மீயை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதில் உள்ள கட்டளைகளை மட்டும், நினைவிலிருந்து ஒன்றையும் சேர்க்காமல், ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கட்டளையிலேயே நிற்கும். ‘கிட் என்ற கட்டளை இல்லை’ என்று சொல்லும், அல்லது மூலநிரலைத் தொகுக்கும் தொகுப்பான் (கம்பைலர்) இல்லை என்று சொல்லும். நின்ற இடத்தில் விடுபட்ட படியை ரீட்மீயில் எழுதுங்கள். கன்டெய்னரை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். தடையில்லாமல் கடைசி வரி வரை போய்விட்டால் அந்த ரீட்மீயை நம்பலாம். இப்படிச் சோதிப்பதையே ஒவ்வொரு கமிட்டுக்கும் தானாக நடக்கும்படி அமைத்துக்கொள்வதும் உண்டு. தொடர் ஒருங்கிணைப்பு என்று சொல்வார்கள். முதலில் கையால் இரண்டு மூன்று முறை செய்து பழகினால் போதும்.

கடவுச்சொல், டோக்கன் எதையும் ரீட்மீயிலோ டாக்கர்ஃபைலிலோ எழுதாதீர்கள். கிட்டில் ஒரு முறை கமிட் ஆனது, அடுத்த கமிட்டில் நீக்கினாலும் பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். தவறிப்போய்ப் பொதுவெளிக்குப் போய்விட்டால், வரலாற்றைத் துடைப்பதைவிட அந்தக் கடவுச்சொல்லை உடனே மாற்றுவதுதான் முதல் வேலை.

## எங்கிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஹோம் கோப்புறையில் ‘குறிப்புகள்’ என்று ஒரு கிட் களஞ்சியம், அதற்குள் வெறும் உரைக்கோப்புகள், இதுவே போதும். அழகான செயலி தேடி அலைய வேண்டாம். உரைக்கோப்பு எந்த டிஸ்ட்ரோவிலும், வரைகலைத் திரையே வராத அன்றும் திறக்கும். கணினிக்கு ஒரு கோப்பு, புராஜெக்டுக்கு ஒரு கோப்பு. சூடோ என்று தட்டும்போதெல்லாம் கணினிக்கான கோப்பில் ஒரு வரி சேர வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கணினிக்கு எதுவுமே எழுதியதில்லை என்றால், ஆப்ட் மார்க் தரும் பட்டியலை முதல் பக்கமாக ஒட்டி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இது எதற்கு என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்கே காரணம் தெரியாதவை சில அதில் இருக்கும். அவசரப்பட்டு நீக்காமல் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். டிஸ்ட்ரோவை நிறுவியபோதே வந்தவையும் அந்தப் பட்டியலில் கலந்திருக்கும்.

குறிப்புகளும் காலாவதியாகும். அதனால் ஒவ்வொன்றிலும் தேதியும், அன்றைய டிஸ்ட்ரோ பதிப்பும், கர்னல் பதிப்பும் இருக்கட்டும். டிஸ்ட்ரோவின் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும் நாள் கோப்பைத் திறந்து, ‘எப்போது தேவையில்லை’ என்ற வரிகளை மட்டும் தேடுங்கள். 5.11க்கு முந்தைய கர்னலுக்காக எழுதிய அந்த ஐநோட்டிஃபை கோப்பைத் தயங்காமல் நீக்கலாம். நீக்கியதையும் தேதியோடு எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.